என் மேசையில் இருந்த நாடாவுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டார்கள். உங்கள் மேசையில் என்ன இருக்கிறது?

நூல்காரி (திருப்பூர்)

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பதினோரு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் சென்னிமலை. கேள்வி சின்னதுதான், ஆனால் நடந்ததைச் சொன்னால்தான் புரியும்.

போன மாதம் எங்கள் கம்பெனியில் ஃபைவ் எஸ் என்று, வேலையிடத்தை ஒழுங்காக வைக்கிற ஜப்பான் முறையை ஆரம்பித்தார்கள். கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக ஆபீஸ் பக்கம் வந்தார்கள். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர், எங்கள் ஹெச்ஆர் பெண், கையில் ஒரு கட்டு சிவப்புச் சீட்டு. வேலைக்கு வேண்டாதது என்று படுகிற பொருளில் சீட்டு ஒட்டுவார்கள். அது ஏன் அங்கே இருக்கணும் என்று ஒரு வாரத்துக்குள் காரணம் எழுதித் தரணும். இல்லாவிட்டால் வீட்டுக்கு எடுத்துப் போகணும்.

என் மேசையில் பாதி இடம் சாம்பிளுக்கும் ஷேடு கார்டுக்கும் போய்விடும். மிச்ச இடத்தில் டம்ளர் வைக்க ஒரு வட்டத் துணி. ஜிஎஸ்எம் கட்டரில் வெட்டியது. அந்த வட்டம் சரியாக நூறு சதுர சென்டிமீட்டர் இருக்கும், கிராமில் எடை போட்டு நூறால் பெருக்கினால் துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது, வந்துவிடும். என்னுடையது 1.6 கிராம், நூற்றி அறுபது ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. நான் தனியாகப் பார்த்த முதல் ஆர்டரின் துணி. டீக்கறை ஏறி ஏறி இப்போது அசல் நிறமே தெரியாது. அப்புறம் மகள் கொடுத்த பாதி ரப்பர், சென்னிமலை முருகன் படம் போட்ட சின்ன காலண்டர். இது எதற்கும் சீட்டு விழவில்லை.

விழுந்தது நாடாவுக்கு. கைத்தறி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாவு நூலுக்கு நடுவில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடி ஊடை நூலைக் கொண்டுபோகிற கட்டை அது. படகு மாதிரி இருக்கும். ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், இரண்டு முனையிலும் இரும்புக் கூர், நடுவில் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) உட்கார ஒரு குழி, பக்கவாட்டில் நூல் வெளியே வர ஒரு பீங்கான் கண். எங்கப்பா குழித்தறியில் போர்வை ஓட்டியவர். தார் மாற்றும்போது அந்தக் கண்ணில் வாய் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார், நூல் முனை வெளியே வந்துவிடும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பேன். தளரச் சுற்றிவிட்டால் பாதி ஓட்டத்தில் நூல் சரிந்து சிக்கிக்கொள்ளும். அப்பா திட்டமாட்டார். அந்தத் தாரைக் கழற்றி அப்படியே என் பக்கம் நீட்டுவார், அவ்வளவுதான்.

முட்டி வலி தாங்காமல் 2014-இல் தறியை நிறுத்தினார். தறியைப் பிரித்து விற்ற அன்று நாடாவை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அதில் அன்றைக்குப் பாதி ஓடின தார் இன்னும் இருக்கிறது. அரக்கு நிற நூல். அடிப்பக்கத்தில் ஆணியால் ஒரு வேல் கீறியிருப்பார். ஒரே கொட்டகையில் நாலு தறி ஓடியதால், தன் நாடா எது என்று தெரிய.

பயிற்சியாளர் அதைக் கையில் எடுத்து, “இது என்னங்க மேடம்?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான், “பேனா ஸ்டாண்டுங்க” என்று சொல்லிவிட்டேன். அதில் ஒரு பேனா கூட இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சீட்டை ஒட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன்? பையர் வந்தால் துணியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவள், எங்கப்பா நெசவாளி என்று ஒரு வார்த்தை சொல்ல ஏன் நாக்கு எழவில்லை? பதினோரு வருஷமாக அந்த நாடா எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரிதான் இருந்திருக்கிறது. யாருக்கும் அது என்னவென்று தெரியாது.

நான் கேட்க வந்தது இதுதான். மேசை மேல் நாம் வைத்திருக்கிற சொந்தப் பொருட்கள் நம்மைப் பற்றி உண்மையிலேயே ஏதாவது சொல்கின்றனவா? பார்க்கிறவர்கள் அதைச் சரியாகப் புரிந்துகொள்கிறார்களா? உங்கள் மேசையில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது? நான் நாடாவை வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா வேண்டாமா? காரணம் எழுதித் தர இன்னும் நாலு நாள் இருக்கிறது.

பவுண்டரி அண்ணன் (கணபதி, கோயமுத்தூர்)

நூல்காரி, நான் ஒரு பம்பு கம்பெனியில் ஃபைவ் எஸ் பார்க்கிற ஆள். எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேனுங்க.

செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. பிரி, அடுக்கு, துடை, ஒரே முறையாக்கு, விடாமல் செய். இதில் எந்த இடத்திலும் சொந்தப் பொருள் இருக்கக் கூடாது என்று இல்லை. சிவப்புச் சீட்டு என்பது “தூக்கிப் போடு” என்கிற உத்தரவு கிடையாது. “இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர் சொல்லுங்கள்” என்று கேட்பதுதான் அந்தச் சீட்டு. அந்த ஆளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நீங்கள் பேனா ஸ்டாண்டு என்றீர்கள், பேனா இல்லாத ஸ்டாண்டு எதுக்கு என்று அவர் நினைத்திருப்பார்.

ஷாப் ஃப்ளோரில் நான் ரொம்பக் கறார். லேத் பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து தொங்கினாலும் விடமாட்டேன், அங்கே அது கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஆபீஸ் மேசை வேறு. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்கிறவர்கள் இந்த வேலையைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

என் மேசையில் ஒரு இம்பெல்லர் இருக்கிறது, பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம். வார்ப்பிரும்பு, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. வருகிறவர்கள் எல்லோரும் அதை ஏதோ நினைவுப் பரிசு என்று நினைத்துத் தடவிப் பார்ப்பார்கள். பின்பக்கம் திருப்பினால் தெரியும், இறக்கைக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவு ஒரு ஓட்டை. புளோ ஹோல். அச்சு மணலில் ஈரம் கூடிப்போய், உருக்கின இரும்பை ஊற்றும்போது ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிட்டது. மணலைச் சோதித்து விட்டேன் என்று அன்றைக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். சோதிக்கவில்லை. தங்கச்சி கல்யாண வேலை, ஊருக்குப் போகிற அவசரம். அந்த ஈட்டு முழுக்க ரிஜெக்ட், எழுபத்தி நாலு உருப்படி. மோல்டிங்கில் இருந்த பெரியவர் என் பேரைச் சொல்லாமல் மேலே சமாளித்தார்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கண் தானாக அந்தப் பக்கம் போகும். அது என்னைப் பற்றிச் சொல்கிறதா என்றால் சொல்கிறது. ஆனால் எனக்குத்தான் சொல்கிறது. மற்றவர்களுக்கு அது பளபளப்பான இரும்பு.

நாடாவை எடுத்துப் போகாதீங்க. காரணம் எழுதிக் கொடுங்க, ஒரு வரி போதும்.

கோபி டீச்சர்

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் எடுக்கிறேன். நூல்காரியின் கேள்விக்கு ஆராய்ச்சியில் ஓரளவு பதில் உண்டு.

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சாம் காஸ்லிங் என்பவரும் கூட்டாளிகளும் 2002-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 94 அலுவலக அறைகள், 83 படுக்கையறைகள். முன்பின் தெரியாத ஆட்களை உள்ளே விட்டு, அறையை மட்டும் பார்த்து அங்கே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லச் சொன்னார்கள். பிறகு அந்த ஆளும் அவரை நன்றாகத் தெரிந்தவர்களும் சொன்னதோடு ஒப்பிட்டார்கள். புதியதை விரும்புகிறவரா, பல விஷயங்களில் ஆர்வம் உள்ளவரா என்பதை அந்நியர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். ஒழுங்கானவரா என்பதும் ஓரளவு பிடிபட்டது. ஆனால் அலுவலகத்தைப் பார்த்து, இந்த ஆள் அனுசரணையானவரா, இளகிய மனசா என்பதை மட்டும் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்த ஆய்விலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். மேசையைப் பார்த்து ஒருவரின் குணத்தையே அளந்துவிட்டதாக நினைக்கிற மேலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

காஸ்லிங் பொருட்களை வகை பிரிக்கிறார். நாம் இன்னார் என்று காட்ட வைப்பது ஒரு வகை. நம் பழக்கத்தால் தானாகச் சேர்வது இன்னொரு வகை. உங்கள் டம்ளர் துணியின் டீக்கறை அப்படித்தான். மூன்றாவது, நம் மனசை நாமே நிலையாக வைத்துக்கொள்ள வைப்பது. பவுண்டரி அண்ணனின் இம்பெல்லர் அசல் மூன்றாம் வகை. ஒரு பொருள் எதில் சேரும் என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு: அது யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். குழந்தையின் போட்டோ வருகிறவர் பக்கம் பார்த்தால் ஒரு பொருள், உட்கார்ந்திருக்கிறவர் பக்கம் பார்த்தால் வேறு பொருள்.

இன்னொரு ஆய்வை உங்கள் ஹெச்ஆர் பெண்ணுக்குச் சொல்லலாம். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் 2010-இல் வெளியிட்டது. ஒரே வேலையை நாலு விதமான அறையில் செய்யச் சொன்னார்கள். ஒன்றில் மேசை நாற்காலி தவிர ஒன்றுமில்லை. ஒன்றில் செடியும் படமும் அவர்களே வைத்தார்கள். மூன்றாவதில் அதே செடியையும் படத்தையும் வேலை செய்கிறவர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வெறும் அறையை விட இரண்டாவதில் 17 சதவீதம், மூன்றாவதில் 32 சதவீதம் வேலை கூடியது. நாலாவது அறைதான் முக்கியம். அவரையே அடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிடுவார். கூடினதெல்லாம் அங்கே போய்விட்டது. வெறும் அறையில் எவ்வளவு வேலை நடந்ததோ கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அடியில் வேல் கீறியிருந்ததைப் படித்ததும் எனக்குக் கொடுமணல் ஞாபகம் வந்தது. உங்கள் சென்னிமலைக்குப் பக்கம்தானே. நொய்யல் கரையில் தோண்டியபோது கிடைத்த பானை ஓடுகளில் குறிகளும், தமிழ் பிராமி எழுத்தில் ஆட்களின் பெயர்களும் கீறியிருந்தன. இது என்னுடையது என்று எழுதிவைக்கிற கை நம் பக்கத்தில் இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறது.

ஒன்று கேட்கலாமா? உங்கள் நாடாவின் குழி யார் பக்கம் இருக்கிறது?

நூல்காரி (திருப்பூர்)

டீச்சர், இப்போதுதான் மேசையில் பார்த்தேன். குழி என் பக்கம். தார், அந்த அரக்கு நூல், பீங்கான் கண் எல்லாம் என் பக்கம். எதிரில் உட்கார்கிறவருக்கு வெறும் கட்டைதான் தெரியும். நான் யோசித்து வைத்ததில்லை. ஹவுஸ் கீப்பிங் அக்கா துடைக்கும்போது திருப்பி வைத்துவிட்டால், வந்ததும் சரி செய்வேன் என்பது மட்டும் இப்போது ஞாபகம் வருகிறது.

மஞ்சமண்டி (ஈரோடு)

மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் மேசையில் சொந்தப் பொருள் என்று தனியாக ஒன்றும் கிடையாதுங்க. சாம்பிள் மஞ்சள்தான் குவிந்து கிடக்கும், விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம். ஒடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். வெளியே ஒரு நிறம் இருக்கும், ஒடித்த இடத்தில் வேறு நிறம் இருக்கும்.

ஆனால் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு விரலி வைத்திருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் கடைசியாக வெட்டினது. அப்புறம் தண்ணி இல்லை, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு. அதை ஒடித்ததில்லை. நீங்கள் தார் நூலைக் கழற்றாமல் வைத்திருக்கிறதைப் படித்தபோதுதான் அது ஏன் என்று எனக்கே விளங்கியது. எடுத்துப் போகாதீங்க அக்கா.

காங்கேயத்தான்

சிவன்மலைக்குப் போயிருப்பீர்கள். அங்கே ஆண்டவர் உத்தரவுப் பெட்டி இருக்கிறதே, கண்ணாடி போட்டுத் தூணில். ஒரு பக்தர் கனவில் சாமி ஒரு பொருளைச் சொல்லும், அவர் வந்து சொன்னதும் பூக்கேட்டு, உத்தரவு ஆனால் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அதுதான் இருக்கும். மண் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் வைத்திருக்கிறார்கள், மஞ்சள் வைத்திருக்கிறார்கள். வைத்த அன்றைக்கே ஊர் முழுக்கப் பேச்சு ஆரம்பித்துவிடும். மஞ்சள் வைத்தால் விலை ஏறும் என்பார் ஒருவர், இறங்கும் என்பார் இன்னொருவர்.

நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். பெட்டிக்குப் பக்கத்தில் பொருளின் பேரும், கொண்டுவந்தவர் எந்த ஊர் என்பதும் எழுதியிருக்கும். மக்கள் முதலில் அதைத்தான் படிப்பார்கள், அப்புறம்தான் பொருளைப் பார்ப்பார்கள். உங்கள் நாடா பக்கத்தில் எழுத்து இல்லை. அதனால்தான் பதினோரு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. சீட்டில் எழுத ஒரு கட்டம் கொடுத்திருக்கிறார்களே, எழுதுங்கள்.

நூல்காரி (திருப்பூர்)

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்றுத்தான் கடைசி நாள். என்ன ஆச்சு என்று சொல்லிவிடுகிறேன்.

சீட்டில் “பொருளின் பெயர்” என்ற இடத்தில் ஹெச்ஆர் பெண் “பேனா ஸ்டாண்டு (மரம்)” என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு “நாடா” என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் ரொம்ப நேரம் ஒன்றும் எழுத வரவில்லை. டீச்சர் சொன்ன எக்ஸிடர் ஆய்வை எழுதலாமா என்று பார்த்தேன். அது அவர்களுக்கான காரணம், என்னுடையது இல்லை என்று பட்டது. கடைசியில் “எங்கப்பா இதில் போர்வை நெய்தார். அந்தக் கூலியில் நான் படித்தேன். எனக்கு வேணும்” என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பயிற்சியாளர் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். நாடாவைக் கையில் எடுத்துத் தரட்டுமா என்று நானே கேட்டேன். இந்தத் தடவை குழியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். தார் எப்படி உட்காரும், நூல் எப்படி வரும் என்று சொன்னேன். பக்கத்து மேசைப் பெண்கள் இரண்டு பேர், சாம்பிள் டெய்லர் அண்ணன், எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள். டெய்லர் அண்ணன் தன் ஊர் பவானி, அவங்க அம்மா ஜமக்காளத் தறியில் இருந்தவர் என்றார். அவரோடு எட்டு வருஷமாக வேலை செய்கிறேன், எனக்கு இது தெரியாது. பீங்கான் கண்ணைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஓரம் வழுவழுன்னு இருக்குது பாருங்க, வருஷக்கணக்கா நூல் ஓடின தேய்மானம்” என்றார். நான் அதைக் கவனித்ததே இல்லை. அப்பாவின் வாய் பட்ட இடமும் அதுதான்.

பயிற்சியாளர் சிவப்புச் சீட்டைக் கிழித்துவிட்டு, மஞ்சள் டேப் எடுத்து நாடாவைச் சுற்றி மேசையில் ஒரு கட்டம் ஒட்டினார். அதில் “நாடா” என்று லேபிள். ஃபைவ் எஸ் முறைப்படி அதற்கு இனி அதுதான் இடம். கட்டத்துக்குள் அதை எந்தப் பக்கமாக வைக்கணும் என்று கேட்டார். குழி என் பக்கமே இருக்கட்டும் என்றேன்.

ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணினேன். முழுக் கதையையும் சொன்னேன், பேனா ஸ்டாண்டு என்று சொன்னதையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “கண்ணு, அது ஏசி ரூமா?” என்று கேட்டார். ஆமாங்கப்பா என்றேன்.

“அப்ப கட்டை காஞ்சு வெடிச்சுப்போகும். வாரத்துக்கு ஒருக்கா துணியில துளி தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்சு வெய்யி. நூல்ல பட்றாம பாத்துக்க.”